எங்கள் குடும்பத்துக் காது

நஸ்ரின் பிறந்த அன்று அவள் வலது காதில் பாங்கு சொன்னவன் நான். குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்ததும் தகப்பன் அதன் காதில் தொழுகைக்கான அழைப்பை மெல்லிய குரலில் சொல்வது எங்கள் வழக்கம். அதற்காகக் குனிந்தபோது, காது மடல் முகத்தோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, ஊசியால் குத்தியதுபோல ஒரு துளை தெரிந்தது. சொல்லிக்கொண்டிருந்த வரி ஒரு கணம் நின்றுவிட்டது. எனக்கும் அதே இடத்தில் அதே துளை உண்டு. என் அத்தாவுக்கு இருந்தது. என் அக்கா மும்தாஜுக்கு இரண்டு காதிலும் இருக்கிறது. பாங்கை முடித்து நிமிர்ந்ததும் சுற்றி நின்றவர்களிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "எங்க காது."

எங்கள் வீட்டில் அந்தத் துளைக்கு ஒரு மரியாதை இருந்தது. பிள்ளை பிறந்தால் ஆணா பெண்ணா என்பதற்கு அடுத்த கேள்வி அதுதான். துளை உள்ள பிள்ளைக்குத் துளை உள்ள ஒருவர்தான் நாக்கில் தேன் தொட்டு வைக்க வேண்டும். அத்தாவின் அத்தா காலத்திலிருந்து அப்படித்தான். நஸ்ரினுக்கு அக்கா வைத்தாள். "ஆசாரிக்கு வேலை வைக்காம படைச்ச ரப்பே குத்தி அனுப்பியிருக்கான் பாரு" என்று சொல்லிவிட்டு என் மனைவி ஜமீலாவின் வீட்டாரை ஒரு பார்வை பார்த்தாள். அவர்கள் பக்கம் யாருக்கும் அப்படித் துளை கிடையாது. அன்று அது அவர்களுக்கு ஏதோ குறைபோலப் பட்டது.

அந்தப் பெருமையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நஸ்ரினுக்கு இப்போது பத்தொன்பது வயது. வீட்டில் இருக்கிறாள். நான் இதை எழுதும்போது பக்கத்து அறையில் அவளும் அவள் அம்மாவும் மின்விசிறியை எத்தனையில் வைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சண்டைக்காக நான் ஒரு வருடம் ஏங்கியிருக்கிறேன். ஆனாலும் இன்றும் மருத்துவமனையிலிருந்து போன் வந்தால் எடுப்பதற்கு முன் உட்கார்ந்துகொள்கிறேன்.

கீழ்க்கட்டளையில் எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்தவன். சுற்றியுள்ள அடுக்குமாடிகளின் தண்ணீர் மோட்டார்கள் எரிந்துபோனால் என்னிடம்தான் வரும். ஓடுகிற மோட்டாரின் உடம்பில் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்தினால், பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். நான் எப்போதும் இடது காதில்தான் வைப்பேன். வலது காது சிறுவயதிலிருந்தே மந்தம். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் விட்ட அறையில் போனது என்று வீட்டில் எல்லோரும் சொல்வோம். நாற்பது வருடமாக அந்த மனிதரைத் திட்டியிருக்கிறோம். பாவம்.

நஸ்ரினுக்கு நாலு வயதில், கூப்பிட்டால் திரும்பவில்லை என்று பள்ளியில் சொன்னார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு என்று தெரிந்தது. காதுக் கருவி மாட்டினோம். அவளாகவே எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கவும் கற்றுக்கொண்டாள். ஐந்து வயதுக்குள் இந்த வித்தையில் தேறி, நாங்கள் அடுத்த அறையின் கதவோரம் கிசுகிசுப்பதைக்கூடக் கண்டுபிடித்து, "எனக்கு ஏன் ஐஸ்கிரீம் வேணாம்னு சொல்றீங்க?" என்று வந்து நிற்பாள்.

அப்போது காது மருத்துவரிடம் ஒரு படிவம் நிரப்பினேன். குடும்பத்தில் யாருக்காவது பிறவிக் குறைபாடு உண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன். பள்ளியில் நடந்த பரிசோதனை முகாமிலும் கேட்டார்கள். இல்லை என்றேன். பன்னிரண்டு வயதில் அவள் கழுத்தின் கீழே, காறை எலும்புக்கு மேலே இருந்த ஒரு சின்னப் புள்ளி வீங்கிச் சீழ் பிடித்தது. சளி பிடித்தால் அந்தப் புள்ளியில் ஈரம் கசியும். வியர்வை என்று நினைத்திருந்தோம். அதைக் கீறிவிட்ட மருத்துவரும் கேட்டார். அப்போதும் இல்லை என்றேன். என் கழுத்திலேயே, ஏழு வயதில் ஏதோ கட்டி என்று வெட்டி எடுத்த தழும்பு இருக்கிறது. எதையும் மறைப்பதற்காக நான் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் காதை யாராவது குறைபாடு என்று நினைப்பார்களா என்ன? மாமா மூக்கு, அத்தை நடை என்பதுபோல அது எங்களுக்கு ஒரு சாயல்.

தாம்பரத்தில் கல்லூரி முதலாண்டு சேர்ந்த சில மாதங்களில் அவளுக்குக் காலையில் முகம் உப்ப ஆரம்பித்தது. சோற்று வாசம் பிடிக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுப் படி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிடுவாள். ரத்தச் சோகை என்று ஜமீலா முருங்கைக்கீரையும் பேரீச்சையும் கொடுத்துப் பார்த்தாள். கடைசியில் கோவிலம்பாக்கத்தில் ஒரு லேப்பில் ரத்தம் கொடுத்தோம். அன்று மாலையே அந்த லேப்காரர் போன் செய்து, ரிப்போர்ட்டை வாங்க வர வேண்டாம், போட்டோ அனுப்புகிறேன், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றார்.

கிரியாட்டினின் என்ற சொல்லை அன்றுதான் கற்றேன். தசைகள் உழைத்து மிச்சம் விடும் கசடு அது. நல்ல சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றிவிடும். ரத்தத்தில் அதன் அளவு ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நஸ்ரினுக்கு ஒன்பதைத் தாண்டியிருந்தது.

ஸ்கேனில் அவளுக்கு வலது சிறுநீரகமே இல்லை என்றும், இடதுபுறம் இருந்தது எலுமிச்சை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்றும் சொன்னார்கள். மறுநாள் சிறுநீரக மருத்துவர் வந்தார். சின்ன வயதுப் பெண். ஸ்கேன் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பிறகு நஸ்ரினின் தலைமுடியை ஒதுக்கிக் காதின் முன்புறத்தைத் தொட்டுப் பார்த்தார். துப்பட்டாவை விலக்கிக் கழுத்துத் தழும்பைப் பார்த்தார்.

"சார், இந்தத் துளை பிறந்ததுலேருந்தே இருக்கா?"

"ஆமா டாக்டர். எங்க குடும்பத்துல எல்லாருக்கும் இருக்கு. அத்தாவுக்கு, அக்காவுக்கு, எனக்கு" என்று தலையைத் திருப்பிக் காட்டினேன். சிரித்துக்கொண்டேதான் காட்டினேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். அத்தா எப்படி இறந்தார் என்று கேட்டார். கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஹார்ட் என்றார்கள் என்றேன். வயது? ஐம்பத்திரண்டு. காது கேட்குமா அவருக்கு? கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டும்.

"இதெல்லாம் இதுவரைக்கும் எந்த டாக்டர்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"யாரும் கேக்கல டாக்டர்."

அது பொய். மூன்று பேர் கேட்டிருந்தார்கள். ஜமீலா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நோயின் பெயர் பிராங்கியோ ஓட்டோ ரீனல் சிண்ட்ரோம். எங்களுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். கருவில் குழந்தை உருவாகும்போது கழுத்துப் பகுதியில் மீனின் செவுள்போல மடிப்புகள் தோன்றும். பிறகு அவை தாடை, காது, கழுத்து என்று மாறிக்கொள்ளும். அதே வாரங்களில் கீழே சிறுநீரகமும் உருவாகிறது. இந்த இரண்டு வேலைக்கும் உத்தரவு கொடுக்கிற மரபணுக்களில் ஒன்றில் பிழை இருந்தால் மடிப்பு சரியாக மூடாமல் காதின் முன் துளையாகவும் கழுத்தில் கசியும் புள்ளியாகவும் நின்றுவிடும். காதின் உட்பாகமும் சிறுநீரகமும் அரைகுறையாக அமையலாம். எல்லோருக்கும் ஒரே அளவில் வராது. ஒருவருக்கு வெறும் துளையோடு போய்விடும், இன்னொருவருக்குச் சிறுநீரகமே இருக்காது. தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடம் அந்தப் பிழை இருந்தால் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

சின்ன வயதிலேயே தெரிந்திருந்தால் என்று நான் கேட்க ஆரம்பித்தேன். டாக்டர் என்னை முடிக்க விடவில்லை. தெரிந்திருந்தாலும் இல்லாத சிறுநீரகம் வந்திருக்காது. இருந்த ஒன்றைக் கொஞ்ச வருடம் கூடுதலாகக் காப்பாற்றியிருக்கலாம், அவ்வளவுதான் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நான் அந்தக் கொஞ்ச வருடத்தைப் பிடித்துக்கொண்டேன். இன்றுவரை விடவில்லை.

டயாலிசிஸ் ஆரம்பித்தது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், உடம்பின் ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் வடித்து மறுபடி உள்ளே அனுப்புவார்கள். முதலில் கழுத்து நரம்பில் ஒரு குழாய் போட்டார்கள். உள்ளே இருபது கட்டில்கள். வெளியே எங்களைப் போன்றவர்களுக்கு இரும்பு நாற்காலிகள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பதுதான் என் வேலை.

டயாலிசிஸைவிடக் கொடியது தாகம். குடிக்கிற தண்ணீர் சிறுநீராகப் போகாது, உடம்பிலேயே தங்கி நுரையீரலில் ஏறும். ஆகவே ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான், சாம்பார், மோர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். ஜமீலா ஒரு பாட்டிலில் கோடு போட்டு வைத்தாள். நஸ்ரின் மருந்து மூடியில் ஊற்றி ஊற்றிக் குடிப்பாள். நாங்கள் இருவரும் அவள் பார்க்காதபோது சமையலறைக் குழாயடியில் திருட்டுத்தனமாகக் குடிப்போம். ரமலானில் நோன்பு திறந்து தண்ணீர் குடித்தபோது, தொண்டையில் இறங்கும் சத்தம் அவளுக்குக் கேட்காதே என்று நினைத்து, முதல்முறையாக அவள் காதுக்காக நன்றி சொன்னேன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் செல்வம் என்று ஒரு ஆட்டோக்காரர். மூன்று வருடமாக வருகிறவர். நஸ்ரினின் வாய்க்கு அவர்தான் காவல்.

"இன்னா பாப்பா, இன்னிக்கு வெயிட்டு ஒன்றரை கிலோ எக்ஸ்ட்ரா காட்டுது? பானைய கவுத்துட்டியா?"

"தர்பூசணி அண்ணா. ரெண்டே ரெண்டு துண்டு."

"அது பழம் இல்ல பாப்பா, தோலு போத்திகினு வர்ற தண்ணி லாரி. என்னைப் பாரு, ரோட்டுல மெட்ரோ வாட்டர் லாரி போனா கண்ணு அது பின்னாடியே போவுது. சவாரி வேற பக்கம் கைய காட்டுது, நான் லாரி பின்னாடியே போய்கினு கீறேன்."

டயாலிசிஸ் இல்லாத ஒரு நாள், வீட்டில் அடைந்து கிடக்கிறாளே என்று கடைக்குக் கூட்டிப்போனேன். பழுது பார்த்த நீர்மூழ்கி மோட்டார் ஒன்றைத் தொட்டியில் இறக்கிச் சோதித்தேன். குழாயிலிருந்து தண்ணீர் கையளவு கனத்தில் விழுந்தது. அவள் எழுந்து வந்து உள்ளங்கையை நீட்டினாள். முகத்தில் தெறித்தது. நான் பதறி ஸ்விட்சை அணைத்தேன். "ஓடட்டும் அத்தா, குடிக்க மாட்டேன்" என்றாள். மறுபடி போட்டேன். கால் மணி நேரம் அப்படியே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஆயிரம் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியிருக்கிறேன். என் மகளுக்கு ஒரு டம்ளர் கொடுக்க முடியவில்லை.

அன்றுதான் முடிவு செய்தேன், என் சிறுநீரகத்தைக் கொடுப்பது என்று. எங்கள் இருவருக்கும் ஒரே ரத்தப் பிரிவு. எனக்குச் சர்க்கரை இல்லை, கிரியாட்டினின் சரியாக இருந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். ஓர் உயிரை வாழ வைப்பதில் தடை என்ன என்றார். டாக்டர் மட்டும் தயங்கினார். உங்களுக்கும் அந்தத் துளை இருக்கிறது சார் என்றார். துளை எத்தனையோ பேருக்குச் சும்மாவே இருக்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று வாதாடினேன். சரி, மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பலாம், ஆறு வாரம் ஆகும் என்றார்.

அந்த ஆறு வாரமும் நான் வேறு மனிதனாக இருந்தேன். ரிப்போர்ட்டில் பிழை இல்லை என்று வந்தால் இரண்டு வரம் ஒன்றாகக் கிடைக்கும்: நோய் என்னிடமிருந்து போனதாக இருக்காது, சிறுநீரகம் மட்டும் என்னிடமிருந்து போகும். அறிவுக்குத் தெரியும், என் கழுத்திலேயே தழும்பு இருக்கிறது. இருந்தும் நம்பினேன். உப்பைக் குறைத்தேன். அதிகாலையில் கீழ்க்கட்டளை ஏரிக்கரையில் நடந்தேன். கொடுக்கப்போகிற பொருளைத் துடைத்து வைப்பதுபோல என் உடம்பைப் பார்த்துக்கொண்டேன். நடக்கும்போது இடது விலாவுக்குக் கீழே கை வைத்துக்கொள்வேன்.

ரிப்போர்ட் வந்தது. அதே மரபணு, அதே பிழை. ஸ்கேனில் என் வலது சிறுநீரகம் பாதி அளவுதான். இத்தனை நாள் இடது ஒன்றுதான் எனக்கு உழைத்திருக்கிறது. நான் கொடுக்க முடியாது, நானே வருடாவருடம் பார்த்துக்கொள்ள வேண்டியவன் என்றார் டாக்டர்.

வெளியே வந்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜமீலா கைப்பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்து என் மடியில் வைத்தாள். அவளுடைய ரத்தப் பிரிவு, ஸ்கேன், நஸ்ரினின் ரத்தத்தோடு அவள் ரத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்த்த சோதனை. எல்லாம் முடிந்திருந்தன. எல்லாம் பொருந்தியிருந்தன. தேதிகளைப் பார்த்தேன். டாக்டர் என் துளையைப் பற்றித் தயங்கிய அதே வாரத்தில் ஆரம்பித்திருக்கிறாள். நான் நஸ்ரினுக்காக டயாலிசிஸ் அறை வாசலில் உட்கார்ந்திருந்த நாட்களில், பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு, அவள் மேல் மாடியில் இருந்திருக்கிறாள். ஜமீலா மழலையர் வகுப்பு ஆசிரியை, லீவே போடாதவள்.

"ஏன் சொல்லல?"

"உங்களுக்கு அவ்வளவு ஆசையா இருந்துச்சு. ரிப்போர்ட் வர்றவரைக்கும் இருக்கட்டுமேன்னு விட்டேன். அதுக்காக நாளை வீணாக்க முடியுமா? அதான் இந்தப் பக்கம் நான் பார்த்துக்கிட்டேன்."

அழுகை வந்தது. நஸ்ரின் அப்போதுதான் இயந்திரத்திலிருந்து கழற்றப்பட்டு, துவண்டுபோய்ச் சக்கர நாற்காலியில் வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். உதட்டைப் பார்த்து வாழ்ந்தவளுக்கு முகம் என்ன பெரிய பாடமா? "விடுங்க அத்தா, நீங்க ஏற்கெனவே எனக்குக் குடுத்தது போதாதா?" என்றாள். ஜமீலா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். மூன்று பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

அக்காவிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவள் குன்றத்தூரில் இருக்கிறாள். அவள் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். நான் விஷயத்தைச் சொல்லி, நீயும் பிள்ளைகளும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றதும், "இந்தப் பேச்சை இங்க எடுக்காதே தம்பி. காதுல துளை இருக்குன்னு சொல்லியா என் பொண்ணு கல்யாணத்தை நிறுத்தப்போறே?" என்றாள். எந்தத் துளையைக் காட்டிப் பெருமைப்பட்டாளோ அதை அன்று முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன். பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் நான்கு ஸ்கேன் ரிப்போர்ட்டுகளின் போட்டோ வந்தது, ஒரு வார்த்தைகூட இல்லாமல். டாக்டரிடம் காட்டினேன். நால்வரும் தப்பித்திருந்தார்கள், காதை மட்டும் பரிசோதிக்கச் சொன்னார். அறுவை சிகிச்சைக்கு முந்தின வாரம் அக்கா ஒரு தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தாள். அது நோன்புக் காலமே இல்லை. அவளுக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான்.

மாற்று அறுவைக்கு முன்பு நஸ்ரினின் கழுத்துப் புள்ளியை அடியோடு எடுத்தார்கள். சிறுநீரகம் மாற்றியபின் உடம்பு அதை வெளியாள் என்று தள்ளிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் தருவார்கள். அப்போது ஒரு சின்னச் சீழும் ஆபத்து. பிறகு ஒரு குழு ஜமீலாவை நேர்காணல் செய்தது. பணத்துக்காகவோ வற்புறுத்தலாலோ யாரும் உறுப்பு கொடுக்கவில்லை என்று உறுதி செய்வது அவர்கள் வேலை. கேமரா முன்னால் ஒரு அதிகாரி, உங்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார்.

"கட்டாயமா? இவர் எனக்கு முன்னால வரிசையில நின்னார் சார். நகர்த்திட்டு வர்றதுக்கே ஒன்றரை மாசம் ஆச்சு."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அறுவை சிகிச்சை நாள் காலை இருவரையும் அடுத்தடுத்து உள்ளே அழைத்துப்போனார்கள். நஸ்ரின் தன் காதுக் கருவிகளைக் கழற்றி, பெட்டியில் வைத்து, என் கையில் கொடுத்தாள். ஜமீலா கண்ணாடியையும் தாலிச் செயினையும் கொடுத்தாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் மூன்று பேர். இரண்டு பேர் கதவுக்குப் பின்னால். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே நின்றேன். அந்தக் கதவுக்குப் பின்னால் படுத்திருக்க எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். ஏழு மணி நேரம் கழித்து டாக்டர் வந்து, வைத்த இடத்திலேயே சிறுநீர் வர ஆரம்பித்துவிட்டது என்றார். மூத்திரம் வருகிறது என்று கேட்டு அல்ஹம்துலில்லாஹ் சொல்வேன் என்று நான் நினைத்ததே இல்லை.

ஜமீலா மூன்றாம் மாடியில். நஸ்ரின் நான்காம் மாடியில், கிருமி புகாதபடி தனி அறையில். எனக்குப் படிக்கட்டு. இவளிடம் அவள் எப்படி என்று சொல்வேன், ஏறிப்போய் அவளைப் பார்ப்பேன். பார்ப்பது என்றால் நடைபாதையில் உள்ள கண்ணாடி வழியாக, காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம், சிஸ்டர் திரையை விலக்கும்போது. முதல் மூன்று நாளும் தூங்கிக்கொண்டோ அரைக் கண்ணிலோ இருந்தாள். நான்காம் நாள் சிஸ்டர் அவளுக்குத் தண்ணீர் கொடுப்பதைப் பார்த்தேன். பெரிய பாட்டில். நாளைக்கு மூன்று லிட்டர் குடித்தே ஆக வேண்டுமாம். இப்போது கெஞ்ச வேண்டியது சிஸ்டர்தான்.

ஆனால் எனக்கு உள்ளே போக வேண்டும். அவள் கையைத் தொட வேண்டும். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மூன்று முறை கேட்டார்கள், மூன்று முறையும் இல்லை என்று சொன்னேன் என்பதை அவளிடம் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஜமீலாவுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. படிக்கட்டில் ஏறும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

ஆறாம் நாள் அனுமதி கிடைத்தது. பத்து நிமிடம். நீலக் கவுன், தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, முகத்துக்குக் கவசம். கையை இரண்டு முறை கழுவினேன். கட்டிலருகே போய் அவள் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. ஒரு வருடமாக ஜில்லென்று இருந்த கை. நான் பேச ஆரம்பித்தேன். கேட்காது என்று தெரியும். கருவிகளை அங்கே அனுமதிக்கவில்லை, அவை என் சட்டைப் பையில்தான் இருந்தன. ஆனால் அவள் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள் என்ற நினைப்பு. அவள் என் முகத்தையே பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். தலையை ஆட்டினாள். பிறகு கையை விடுவித்துக்கொண்டு, கதவைக் காட்டினாள். போங்கள் என்று.

யாரோ சொல்லியிருக்கிறார்கள், தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். சிஸ்டர், "பேஷண்ட் டயர்டா இருக்காங்க சார், வாங்க" என்று என் தோளைத் தொட்டார். பத்து நிமிடத்தில் மூன்றுகூட ஆகியிருக்காது. கவுனைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு நடைபாதைக்கு வந்தேன். அவள் திரும்பிப் படுத்து, கண்ணாடியின் பக்கமே கையை நீட்டிக்கொண்டிருந்தாள். தன் வாயைத் தொட்டுக் காட்டி, எதையோ கீழே இழுப்பதுபோலச் சைகை செய்தாள். அப்போதுதான் விளங்கியது. என் முகக்கவசத்தைக் கீழே இழுத்தேன்.

"இப்ப சொல்லுங்க அத்தா" என்றாள். தன் குரலின் அளவு தெரியாமல் சத்தமாகச் சொன்னாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

அந்த அறைக்குள் நுழையத்தான் ஆறு நாள் ஏங்கினேன். உள்ளே போனால் எனக்கு வாய் இல்லை.

சொன்னேன். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. படிவத்தைப் பற்றி, முகாமைப் பற்றி, கழுத்தைக் கீறிய டாக்டரைப் பற்றி. எங்கள் காதை வைத்து நான் பட்ட பெருமையைப் பற்றி. அவள் ஒருமுறையும் கண்ணை எடுக்கவில்லை. முடித்ததும், "அம்மாக்குத் தெரியுமா?" என்றாள். தலையாட்டினேன். "அம்மா திட்டினாங்களா?" இல்லை என்றேன். "அப்ப நான் வீட்டுக்கு வந்து திட்டுறேன். இங்க தண்ணி குடிக்கவே நேரம் பத்தல" என்றாள். பிறகு, அம்மா நடந்தார்களா, தையல் வலிக்கிறதா, மும்தாஜ் மாமி கஞ்சி கொண்டுவந்தார்களா, கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தாள்.

மறுநாள் சிஸ்டர் எனக்காகப் புதிய கவுனை எடுத்து வைத்திருந்தார். வேண்டாம் சிஸ்டர், வெளியிலேயே நிற்கிறேன் என்றேன். என்ன சார், நேற்று அத்தனை கெஞ்சினீர்கள், பயந்துவிட்டீர்களா என்று கேட்டார். விவரத்தைச் சொன்னதும் கட்டிலை ஜன்னலுக்கு நெருக்கமாகத் தள்ளிப் போட்டுவிட்டு, திரையை முழுதாக விலக்கினார். நான் கண்ணாடியில் முகம் முட்டுகிற அளவுக்குப் போய் நின்றேன். ஜமீலா தானாக எழுந்து நடந்ததையும், பக்கத்து அறைவரை போய் அங்கிருந்தவளோடு பேசிவிட்டு வந்ததையும் சொன்னேன். என் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. அவள் விரலை ஆட்டித் துடைக்கச் சொன்னாள். சட்டைக் கையால் துடைத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.